அராகாவா கரையில் குடித்தனம்

வேலை கிடைத்து ஜப்பானுக்குக் கிளம்பும் பிள்ளைகள் யாராவது சொந்தக்காரர் மூலம் என் எண்ணை வாங்கிப் பேசுவது வழக்கம். கையில் எவ்வளவு மிஞ்சும், சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்பார்கள். 2025 கோடைக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "அக்கா, வெளிநாட்டுக்காரங்கன்னாலே இப்ப அங்க ஆகாதாமே, நெசமா?" போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது டோக்கியோவின் கிழக்குக் கோடியில், எடோகாவா வார்டில், நிஷி கசாய் பக்கம். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் நின்றுபோகும் என்ற பயத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து பொறியாளர்களை வரவழைத்த காலத்தில்தான் இங்கே நம்மவர் கூட்டம் சேர ஆரம்பித்தது. வங்கிகள் நிறைந்த நிஹோன்பாஷி, ஓதேமாச்சி பகுதிகளுக்கு இங்கிருந்து தோசாய் லைனில் ஏறினால் ரயில் மாற வேண்டியதில்லை. அதற்கும் முன்பே இந்தப் பகுதியில் காலூன்றியிருந்த தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திராணி, தனியாக வந்து இறங்கிய இளைஞர்களுக்கு வீடு பிடித்துக்கொடுத்தார், சாப்பாட்டுக்கும் வழி செய்தார். 2019-இல் இந்தியாவில் பிறந்த யோகேந்திர புராணிக் இதே வார்டு மன்றத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

ஆனால் நம்மவர்கள் இங்கே குவிந்ததற்கு ரயிலைவிடப் பெரிய காரணம் வீடு. நாங்கள் வந்த புதிதில் ஒரு வீட்டுத் தரகர் எங்கள் எதிரிலேயே உரிமையாளருக்குப் போன் போட்டார். என் கணவரின் சம்பளம், கம்பெனியின் பெயர், குழந்தை ஒன்று என்பது வரை பேச்சு நன்றாகத்தான் போனது. "இந்தியர்கள்" என்று சொன்னதும் எதிர்முனையில் ஏதோ சொன்னார்கள். தரகர் போனை வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் நடந்த கதையில்லை இது. நீதி அமைச்சகம் வெளிநாட்டவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது யூ.ஆர். அடுக்குமாடிக் குடியிருப்புகளைத்தான். அரசு சார்ந்த அமைப்பு அது. உத்தரவாதக்காரர் கேட்பதில்லை, வீட்டு உரிமையாளருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துத் தொலைக்கும் ரெய்கின் கிடையாது, தரகுக் கூலி கிடையாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணமும் கிடையாது. பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்த்து முகம் மாறுவதும் இல்லை. வருமானக் கணக்கு ஒத்துவர வேண்டும், அவ்வளவுதான். கட்டடங்கள் பழசு, லிஃப்ட் இல்லாதவையும் உண்டு. போகட்டும், முதல் வீட்டுக்கு இதைவிட நிம்மதியான இடம் எனக்குத் தெரியாது. சைதாமாவில் கவாகுச்சியிலுள்ள ஷிபாஸோனோ குடியிருப்பில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்கள், அதிலும் பெரும்பாலும் சீனர்கள் என்று ஆனதற்கும் இதே விதிமுறைகள்தான் காரணம்.

வீடு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அங்கேதான் வேலையே ஆரம்பம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஜிச்சிகாய் என்று ஒரு குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. மாதம் சில நூறு யென் சந்தா. சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. குப்பை வைக்கும் இடத்தைக் கழுவுவது, கோடைத் திருவிழா, பேரிடர் பயிற்சி, சுற்றறிக்கை செருகிய அட்டையை வீடு வீடாகக் கைமாற்றுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. அந்த அட்டை கதவில் தொங்கும். படித்து, முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் மாட்ட வேண்டும். எனக்கு முதலில் பாதி எழுத்து புரியாது. மேல்வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கேட்பேன். எண்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். அவர் தேதியையும் நேரத்தையும் மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் எளிய எழுத்தில் திரும்ப எழுதிக் கொடுப்பார். நான் ஜப்பானிய மொழி கற்றதில் பாதி அந்தச் சிவப்பு வட்டங்களில்தான்.

இந்தப் பழக்கத்தின் அருமை 2019 அக்டோபர் 12-இல் தெரிந்தது. ஹகிபிஸ் புயல் வந்த சனிக்கிழமை. எங்கள் வார்டின் நிலத்தில் எழுபது சதவீதம் கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அந்த வருடம் மே மாதம்தான் வார்டு அலுவலகம் வெள்ள அபாய வரைபடம் ஒன்றை வீடுதோறும் அனுப்பியிருந்தது. அட்டையில் எங்கள் ஊரையே காட்டி "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தார்கள். ஓர் அரசு அலுவலகம் தன் மக்களிடம் இவ்வளவு நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. புயலன்று காலையில், எங்கள் பக்கத்தில் ஓடும் அராகாவா ஆற்றின் கரை உடையக்கூடும் என்று வார்டின் மேற்குப் பகுதிக்கு வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. செய்தி முழுக்க கடினமான ஜப்பானிய எழுத்துகளில். எங்கள் கட்டடத்திலிருந்த இந்தியக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அது என்ன அலறல் என்றே தெரியவில்லை.

பெரியவர் மழைக்கோட்டோடு கீழே வந்து, "நீங்க உங்க ஆட்களைக் கூப்பிடுங்க, நான் என் ஆட்களைக் கூப்பிடுறேன்" என்றார். தளம் தளமாகக் கதவைத் தட்டினோம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறைகளில் சங்கத்தார் போர்வை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெயர் எழுதும் தாள். குடியிருப்பு எண்ணைச் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஓ, மூன்றாம் கட்டடமா, அந்த வகுப்பறை" என்று கைகாட்டினார். என்ன நாடு என்று அந்தத் தாளில் கட்டமே இல்லை. போதாக்குறைக்கு மாலை ஆறு மணி தாண்டி சிபா கடலில் ஒரு நிலநடுக்கம், மாடி ஆடியது. ஆறு உடையவில்லை. மறுநாள் வீடு திரும்பினோம்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்டுக்கொண்டதன்பேரில், அறிவிப்புகளை எளிய ஜப்பானிய மொழியிலும் ஒட்டத் தொடங்கினார்கள். "உடனே பள்ளிக்கு வாருங்கள், மாடிக்குப் போங்கள்" என்கிற அளவில் இருந்தால் போதும், சீனருக்கும் நேபாளிக்கும் நமக்கும் புரிந்துவிடும். இது சங்கத்தார் கண்டுபிடித்ததல்ல. 6,400 பேருக்கு மேல் பலிகொண்ட 1995 கோபே நிலநடுக்கத்தில், மொழி புரியாமல் வெளிநாட்டவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை. இன்று நாடெங்கும் உள்ளாட்சி அலுவலகங்களில் இது புழக்கத்திலிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் மொழித் தேர்வுச் சான்றிதழுக்காக மட்டும் படிக்காமல் இந்த எளிய அறிவிப்புகளைப் படித்துப் பழகுங்கள். வார்டு அலுவலகங்களில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 1 பேரிடர் தடுப்பு நாள். 1923-இல் காந்தோ பெருநிலநடுக்கம் நடந்த தேதி அது. சுமார் 1,05,000 பேர் மாண்ட பேரழிவு. ஒருமுறை பயிற்சி முடிந்ததும் பெரியவர், "ஒரு இடம் காட்டுறேன், வர்றீங்களா" என்று அழைத்துப் போனார். அராகாவா கரையோரமாக வடக்கே, சுமிதா வார்டில் யாஹிரோ ரயில் நிலையத்துக்கு அருகில், ஒரு சிறு நினைவுக்கல். நிலநடுக்கத்துக்குப் பிறகு, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஊர்க்காவல் கும்பல்களும், சில இடங்களில் ராணுவமும் போலீசும்கூட, கொரியர்களைக் கொன்றன. சீனர்களும் கொல்லப்பட்டார்கள். கொரியர்களில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இந்த ஆற்றங்கரையிலும் அது நடந்தது. டோக்கியோவை வெள்ளத்திலிருந்து காக்க வெட்டப்பட்ட கால்வாய்தான் இன்றைய அராகாவா. அந்தக் காலத்தில் அதை வெட்டிய கூலிகளில் கொரியர்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் காப்பது அவர்களும் சேர்ந்து வெட்டிய கால்வாய். 2017 முதல் டோக்கியோ ஆளுநர் கொரியர்களுக்கான நினைவுக் கூட்டத்துக்கு இரங்கல் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டார். பெரியவருக்கு அதில் தீராத வருத்தம். எனக்கும்தான்.

அதே நகரத்தில் ஷின்-ஓகுபோ ரயில் நிலையமும் இருக்கிறது. நாங்கள் புளியும் துவரம்பருப்பும் வாங்கப் போகும் இடம். 2001 ஜனவரியில் தண்டவாளத்தில் விழுந்த ஒரு ஜப்பானியரைக் காப்பாற்றக் குதித்து, லீ சூ-ஹியோன் என்ற கொரிய மாணவரும் ஒரு ஜப்பானியப் புகைப்படக் கலைஞரும் ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். நிலையத்தின் படிக்கட்டருகே அவர்களுக்கு நினைவுப் பலகை உண்டு. ஜப்பானை ஒரே வார்த்தையில் நல்ல நாடு, கெட்ட நாடு என்று எடை போடுகிறவர்களிடம் நான் இந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

இந்த இரட்டை முகத்தை 2020-இல் நாங்களே பட்டு அறிந்தோம். கொரோனா வந்ததும் அரசாங்கம், இங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும், வெளிநாட்டவர் உட்பட, 1 லட்சம் யென் கொடுத்தது. என் மகள் பெயருக்கும் வந்தது. அதே மாதங்களில், நாட்டைவிட்டு வெளியே போன வெளிநாட்டவர், சிறப்புக் காரணம் காட்டி அனுமதி பெற்றாலொழிய, திரும்பி நுழைய முடியாது என்றும் விதி போட்டது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவருக்கும் இதே கதி. ஜப்பானியக் குடிமக்கள் மட்டும் போய் வரலாம். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் திருச்சியில் அப்பா இறந்தும், வேலையும் வீடும் இங்கே நின்றுபோகும் என்ற பயத்தில் போகவில்லை. கைபேசியில்தான் காரியம் பார்த்தார். இருபது வருடம் வரி கட்டினாலும், பாஸ்போர்ட் பாஸ்போர்ட்தான் என்று அன்று எங்கள் எல்லாருக்கும் உறைத்தது.

இப்போது 2025-க்கு வருகிறேன். ஜூலை மேலவைத் தேர்தலில் 'ஜப்பானியர் முதலில்' என்று முழங்கிய சன்சேய்தோ கட்சி 14 இடங்களைப் பிடித்தது. ஆகஸ்டில் ஆப்பிரிக்க நாடுகளுடனான மாநாட்டையொட்டி, நான்கு ஜப்பானிய ஊர்களை நான்கு ஆப்பிரிக்க நாடுகளோடு இணைக்கும் பரிமாற்றத் திட்டம் ஒன்றை ஜப்பானிய உதவி முகமையான ஜைக்கா அறிவித்தது. அந்த ஊர்களையே ஆப்பிரிக்கர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று இணையத்தில் வதந்தி பரவி, நகராட்சிகளுக்குக் கண்டனங்கள் குவிந்தன. செப்டம்பருக்குள் திட்டமே கைவிடப்பட்டது. அக்டோபரில் சனாயே தகாய்ச்சி நாட்டின் முதல் பெண் பிரதமரானார். வெளிநாட்டவர் கொள்கைக்கென்று தனிப் பொறுப்போடு ஓர் அமைச்சரை நியமித்தார். அதே மாதம், தொழில் நடத்தும் விசாவுக்கான மூலதனம் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக ஏறியது. ஒரே அடியில் ஆறு மடங்கு. சிறு தோசைக்கடை வைத்துப் பிழைக்க நினைப்பவருக்கு இது எட்டாத தொகை. அந்தக் கனவோடு வருகிறவர்கள் விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு பக்கம் இந்தியாவுக்குக் கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. 2007-இல் ஷின்சோ அபே நம் நாடாளுமன்றத்தில் இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் கலப்பதைப் பற்றிப் பேசியதில் தொடங்கிய நெருக்கம் இது. 2025 ஆகஸ்டில் மோடி இங்கே வந்தபோது, ஐந்து வருடத்தில் 5 லட்சம் பேர் இரு பக்கமும் போய்வரவும், அதில் 50,000 திறன் பெற்ற இந்தியர்கள் ஜப்பானுக்கு வரவும் திட்டம் போட்டார்கள். பாசம் மட்டும் காரணமில்லை. சீனாவைப் பற்றிய கவலை ஒன்று, ஆளில்லாத கவலை இன்னொன்று. 2024-இல் இந்த நாட்டில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் கீழே. அந்த வருடக் கடைசியில் வெளிநாட்டவர் எண்ணிக்கை சுமார் 37.7 லட்சம். எங்கள் பெரியவர் வாரம் இருமுறை போகும் முதியோர் பகல் பராமரிப்பு இல்லத்தில் அவரைக் குளிப்பாட்டுவது இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பையன்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 வாக்கில் ஒரு டாலர் 80 யென். 2024 ஜூலையில் 161 வரை போனது, அதாவது யென்னின் மதிப்பு பாதியாகிவிட்டது. சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள். இங்கே வாடகை, சாப்பாடு, பிள்ளை படிப்பு போக என்ன மிஞ்சும் என்று யென்னிலேயே கணக்குப் போடுங்கள். குடியிருப்பு வரி முந்தைய வருட வருமானத்துக்கு, வருமானத்தில் பத்து சதவீதம் அளவில், பின்னால் வரும். முதல் வருடம் பிடித்தம் இல்லையே என்று செலவழித்தால் இரண்டாம் வருடம் கையைக் கடிக்கும். வரி, ஓய்வூதியம், காப்பீடு மூன்றையும் வங்கிக் கணக்கில் தானாகக் கழியும்படி வையுங்கள். நிரந்தர வசிப்புரிமை மனுவில் கட்டினீர்களா என்று மட்டுமல்ல, கெடுவுக்குள் கட்டினீர்களா என்றும் பார்க்கிறார்கள். வேண்டுமென்றே கட்டாதவரின் வசிப்புரிமையைப் பறிக்கவும் 2024-இல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். ஊர் திரும்புகிறவர்கள் ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக எடுக்குமுன் யோசியுங்கள். 2016 அக்டோபர் முதல் இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, இரு நாட்டுக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வழியுண்டு. மொத்தமாக எடுத்துவிட்டால் ஜப்பானில் கட்டிய அந்தக் காலம் கணக்கிலிருந்தே போய்விடும்.

"வெளிநாட்டுக்காரங்கன்னாலே ஆகாதாமே" என்ற அந்த முதல் கேள்விக்கு, தேர்தல் முடிந்த கையோடு நடந்த எங்கள் சங்கக் கூட்டத்தைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுந்து, "இரவு பத்து மணிக்கு மேல் பூங்காவில் சத்தம், எங்கே பார்த்தாலும் வெளிநாட்டவர்கள், இது யார் ஊர்?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. அறையில் நான், இரண்டு தளம் தள்ளியிருக்கும் ஒரு சீனப் பெண்மணி, மற்றவர்கள் எல்லாரும் ஜப்பானியர். யாரும் அவரை அதட்டவில்லை. சங்கத் தலைவர், "சத்தம் எந்த இடத்தில், எந்தக் கிழமை?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வெள்ளி, சனி இரவுகளில், ஊஞ்சல் பக்கம். கிரிக்கெட் ஆடிவிட்டு உட்கார்ந்து பேசும் நம் பையன்கள்தான் அவர்கள். நான் பேசுகிறேன் என்றேன். பேசினேன். ஒன்பது மணிக்கு எழுந்துவிடுவதாக ஒத்துக்கொண்டார்கள். அவர் கோபத்தில் நியாயமான பாதி அதோடு தீர்ந்தது. மறுபாதி வேறெங்கிருந்தோ வருவது, அதைத் தீர்க்க என்னால் ஆகாது. ஆனால் பூங்காவின் சத்தத்தைத் தீர்க்காமல் விட்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே வளர்ந்திருக்கும்.

நவம்பரில் தைவான் பற்றிய பிரதமரின் பேச்சால் சீனா கொதித்து, தன் மக்களை ஜப்பானுக்குப் போகாதீர்கள் என்றது. அந்த வாரம் குப்பை இடத்தைக் கழுவும் முறை அந்தச் சீனப் பெண்மணியுடையது. காலை ஆறரைக்கு ரப்பர் காலணியோடு வந்து கழுவிக்கொண்டிருந்தார். பூங்காவைப் பற்றிக் குறைசொன்ன அதே மனிதர் காகங்களைத் தடுக்கும் வலையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தார். "குளிராக இருக்கிறது" என்றார் அவர். "ஆமாம், குளிர்தான்" என்றார் இவர். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே மேல்வீடு, கீழ்வீடு, இரு பக்கத்து வீடு நான்குக்கும் ஒரு சிறு துண்டோ இனிப்போ கொண்டுபோய்ப் பெயர் சொல்லிவிட்டு வாருங்கள். வார்டின் வெள்ள வரைபடத்தில் உங்கள் கட்டடத்தைத் தேடி, எந்தப் பள்ளிக்கு ஓட வேண்டும் என்று பார்த்து வையுங்கள். போன் கிடைக்காதபோது குரல்செய்தி விட 171 என்ற எண்ணைப் பழகிக்கொள்ளுங்கள். சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். எங்கள் கட்டடத்துக்கு அடுத்த ஏப்ரலில் குழுப் பொறுப்பு வருகிறது. வரிசைப்படி முதலில் அந்தச் சீனப் பெண்மணி, அவருக்கு அடுத்து நான். பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், குடியிருப்பின் கூட்ட அறையில் நடக்கும். மொழி வராவிட்டாலும் வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிறேன்.